புது கார் வாரண்டி: எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது, எப்படிக் கேட்டு வாங்குவது

புது கார் டெலிவரி எடுக்கும் நாளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துக் குடும்பத்தோடு போட்டோ எடுத்து அனுப்பி வைப்பார்கள். டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஓனர்ஸ் மேனுவலும், கூடவே வாரண்டி, சர்வீஸ் பற்றிய ஒரு சின்னப் புத்தகமும் இருக்கும். அந்தச் சின்னப் புத்தகத்தைப் பெரும்பாலானவர்கள் முதன்முதலாகப் பிரிப்பது, ஏதோ ஒன்று கெட்டுப்போய், சர்வீஸ் சென்டரில் "இது வாரண்டியில் வராதுங்க சார்" என்று சொன்ன பிறகுதான். வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து படித்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. சில நிறுவனங்கள் அச்சடித்துத் தராமல் ஆப்பில் பிடிஎஃப் ஆக வைத்திருக்கும், அதையாவது போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும்போது முதலில் மனதில் வாங்க வேண்டியது, நிறுவனம் எதற்கு வாக்குக் கொடுத்திருக்கிறது என்பதை. கார் கெட்டுப்போனால் சரிசெய்து தருகிறேன் என்று எந்த நிறுவனமும் எழுதித் தருவதில்லை. பொருளிலோ தயாரிப்பிலோ குறை இருந்து, நான் சொன்னபடி நீங்கள் ஓட்டி, சொன்னபடி சர்வீஸ் செய்திருந்தால், அந்தப் பாகத்தைக் காசு வாங்காமல் சரிசெய்து தருகிறேன் அல்லது மாற்றித் தருகிறேன், இவ்வளவுதான் வாக்கு. சரிசெய்வதா மாற்றுவதா என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். சர்வீஸ் சென்டரில் நடக்கும் அத்தனை வாக்குவாதமும் 'இது தயாரிப்புக் குறையா, உங்கள் உபயோகத்தால் வந்ததா' என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கும். அதற்கு உங்கள் பக்கம் பதில் சொல்லப்போவது காகிதம்தான், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பின்னால் சொல்கிறேன்.

காலக்கணக்கு

மாருதி நீண்ட காலம் 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்றுதான் கொடுத்துக்கொண்டிருந்தது, 2024 ஜூலையில் அதை 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. டொயோட்டாவும் 3 ஆண்டு, 1 லட்சம் கிலோமீட்டர். ஹோண்டா, கியா போன்றவை 3 ஆண்டு, கிலோமீட்டர் வரம்பு இல்லை என்று தருகின்றன. மாடலுக்கு மாடல், வருடத்துக்கு வருடம் இது மாறும், அதனால் விளம்பரத்தில் பார்த்ததை நம்பாமல் உங்கள் வண்டியின் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

வரம்பு இருந்தால் எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. இதைச் சொல்லும்போது தலையாட்டுகிறோம், ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. சென்னையில் வேலை, மதுரையில் குடும்பம், வாரம் ஒருமுறை போய் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி சுமார் 460 கிலோமீட்டர், போக வர 920, வருடத்துக்கு 48,000-ஐ நெருங்கிவிடும். ஊருக்குள் ஓடுவதையும் சேர்த்தால் 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி உங்களுக்கு இரண்டே வருடம்தான். இப்படி ஓடுபவர்களுக்குக் கிலோமீட்டர் வரம்பு இல்லாத வாரண்டி பெரிய விஷயம், மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. வண்டியை டாக்ஸியாக ஓட்டினால் நிபந்தனையே வேறாக இருக்கும், அதற்கான பக்கத்தைத் தனியாகப் பாருங்கள்.

வாரண்டி தொடங்குவது வண்டி உங்களுக்கு விற்கப்பட்ட நாளிலிருந்து, தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து இல்லை. அதனால் யார்டில் எட்டு மாதம் நின்ற வண்டிக்கும் முழு வாரண்டி உண்டு. ஆனால் யார்டில் நின்ற காலத்தில் டயரும் பேட்டரியும் வயதாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும், 2324 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டெலிவரிக்கு முன்பே ஸ்டெப்னியோடு சேர்த்து எல்லா டயரையும் பார்த்துவிடுங்கள். வாரண்டி தொடங்கிய தேதி, சேசிஸ் நம்பர், ஓடோமீட்டர் அளவு மூன்றும் புத்தகத்திலும் கம்பெனி ஆப்பிலும் சரியாக ஏறியிருக்கிறதா என்றும் அன்றைக்கே பாருங்கள், சேசிஸ் நம்பரில் ஒரு எழுத்து மாறிப்போனாலும் பின்னால் அலைய வேண்டி வரும்.

ஒரு வண்டி, பல வாரண்டி

முழு வண்டிக்கும் ஒரே வாரண்டி என்று நினைப்பதுதான் பலரும் ஏமாறும் இடம். டயருக்கு வாரண்டி தருவது எம்ஆர்எஃப், அப்போலோ, சியட் என்று டயர் கம்பெனி, கார் கம்பெனி இல்லை. 12 வோல்ட் பேட்டரிக்கும் பல வண்டிகளில் அப்படித்தான், அமரானோ எக்சைடோ அதற்குத் தனிக் காலவரம்பு வைத்திருக்கும். டெலிவரி அன்று அந்த அட்டைகளைக் கேட்டு வாங்குங்கள். குழியில் இறங்கி டயரின் பக்கவாட்டில் கொப்புளம் போல் வீங்கினால் ரோட்டில் அடிபட்டது என்றுதான் சொல்வார்கள், அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

அடுத்து தேயும் பொருட்கள். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர், பல்பு, ஃபியூஸ், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் தேய்வதற்காகவே இருப்பவை, வாரண்டியில் வராது, அல்லது சில மாதங்களுக்கு மட்டும் வரும். ஃப்ரீ சர்வீஸ் என்றால் கூலிதான் ஃப்ரீ, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 8,000 கிலோமீட்டரில் கிளட்ச் பிளேட் போய்விட்டது என்றால் 'தேயும் பொருள்' என்ற ஒரு வார்த்தையோடு திரும்பி வந்துவிடாதீர்கள். பிளேட் தேய்ந்ததா, அல்லது பிரஷர் பிளேட்டிலோ ரிலீஸ் பேரிங்கிலோ குறை இருந்து அதனால் தேய்ந்ததா என்று கழற்றிய பாகங்களை மேஜையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இது உங்கள் உரிமை, கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

பெயிண்ட்டும் துருவும் தனிக் கதை. கல் தெறித்தது, பறவை எச்சம், மரத்துப் பால், உப்புக் காற்று இவற்றால் வரும் கறையும் துருவும் பொதுவாக விலக்குப் பட்டியலில் இருக்கும். கடற்கரையோரம் குடியிருப்பவர்கள் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

இன்னொரு வரியும் பல புத்தகங்களில் இருக்கிறது: வண்டியின் செயல்பாட்டைப் பாதிக்காத சத்தம், அதிர்வு, லேசான ஆயில் கசிவு, நிறம் மங்குவது இவையெல்லாம் வாரண்டியில் வராது. "இது நார்மல்தான் சார்" என்று சர்வீஸ் அட்வைசர், அதாவது சர்வீஸ் சென்டரில் நம்மிடம் குறை கேட்டு எழுதுபவர், சொல்வது இந்த வரியின் பலத்தில்தான். சத்தம் செயல்பாட்டைப் பாதிக்கவில்லை என்று யார் சொல்வது? இதே மாடல் வண்டி இன்னொன்று சர்வீஸ் சென்டரில் நிற்கும், அதே ரோட்டில், அதே வேகத்தில் அதையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் அதே சத்தம் வந்தால் நார்மல். வரவில்லை என்றால் அதையே ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது குறைகளையும் செய்ய வேண்டிய வேலைகளையும் எழுதும் சீட்டில், எழுதச் சொல்லுங்கள்.

ஜாப் கார்டு

என் தங்கை வீட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறார். அவர் வண்டியில் இரண்டாவது வருடத்திலிருந்தே ஒரு தொந்தரவு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நாள் ஸ்டீயரிங் இறுகிப்போய், மீட்டரில் ஸ்டீயரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். ஆஃப் செய்து திரும்ப ஸ்டார்ட் செய்தால் போய்விடும். சர்வீஸுக்கு விடும்போது மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் ஸ்கேன் செய்துவிட்டு "எரர் எதுவும் காட்டலைங்க, நார்மல்தான்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வாரண்டி முடிந்து 23 நாள் கழித்து விளக்கு எரிந்தது எரிந்தபடியே நின்றுவிட்டது. ஸ்டீயரிங் மோட்டார் யூனிட்டையே மாற்ற வேண்டும், 58,000 ரூபாய் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள்.

"மச்சான், ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்கேன், இப்ப வாரண்டி முடிஞ்சுதுங்கறாங்க" என்று போன் செய்தார். "மாப்பிள்ளை, மொதல்ல பழைய ஜாப் கார்டை எல்லாம் எடுத்து வைங்க" என்றேன். எடுத்துப் பார்த்தால் மூன்று கார்டிலும் ஒரே மாதிரி: ஜெனரல் சர்வீஸ், வீல் அலைன்மென்ட், வாட்டர் வாஷ். ஸ்டீயரிங் என்ற சொல்லே எங்கும் இல்லை. அவர் வாயால் சொன்னதை அட்வைசர் காதால் கேட்டதோடு சரி.

அவரைக் காப்பாற்றியது ஒரு வாட்ஸ்அப் வீடியோ. 14 மாதத்துக்கு முன்பு விளக்கு எரியும்போது போனில் எடுத்து அட்வைசருக்கு அனுப்பியிருந்தார், ஓடோமீட்டரும் அதில் தெளிவாகத் தெரிந்தது, கீழே 'ஓகே சார், நெக்ஸ்ட் சர்வீஸில் பார்க்கிறோம்' என்று பதிலும் இருந்தது. அந்த வீடியோவையும் பதிலையும் இணைத்துக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டோம். மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். கடைசியில் பாகத்தைக் கம்பெனி கொடுத்தது, கூலியை மட்டும் இவர் கட்டினார். இப்படி வாரண்டி முடிந்த பிறகு கம்பெனி தானாக ஏற்றுக்கொள்வதைக் குட்வில் என்பார்கள். அது அவர்கள் தருவது, சட்டப்படி நாம் அடித்துக் கேட்க முடியாது. மூன்று ஜாப் கார்டில் ஒன்றிலாவது எழுதியிருந்தால் கெஞ்ச வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அதனால் வண்டியை விடும்போது அட்வைசர் டேப்லெட்டில் தட்டுவதை எட்டிப் பாருங்கள். உங்கள் குறையை நீங்கள் சொன்ன சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள்: 'காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஸ்டீயரிங் இறுகுகிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது, வாரம் இரண்டு முறை.' வெறுமனே 'ஸ்டீயரிங் செக்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியை எடுக்கும்போது அதற்கு நேராக என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்க வேண்டும், குறை தெரியவில்லை என்றால் அதையும் எழுதித் தரட்டும். ஒரே குறை மூன்று கார்டில் தேதியோடு இருந்தால், வாரண்டி முடிந்த மறுநாள் அந்தப் பாகம் போனாலும் அது வாரண்டிக்குள் தொடங்கிய குறை என்று உங்களால் காட்ட முடியும். வந்து வந்து போகும் குறை என்றால் வீடியோ எடுங்கள், ஓடோமீட்டரும் அதில் விழட்டும்.

வாரண்டியில் மாற்றிய பாகத்துக்குப் புதிதாக 3 ஆண்டு தொடங்காது, வண்டியின் மீதி வாரண்டிதான் அதற்கும். அதே போல, வண்டி சர்வீஸ் சென்டரில் நின்ற நாட்களுக்கு நீங்கள் கொடுத்த டாக்ஸி வாடகை, போன வேலை நாள் இவற்றை வாரண்டியில் கேட்க முடியாது.

வாரண்டி எதனால் போகும்

முதல் காரணம் சர்வீஸ் தவறுவது. மாதக்கணக்கு, கிலோமீட்டர் கணக்கு இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது விட வேண்டும். வண்டி ஓடவே இல்லை, 3,000 கிலோமீட்டர்தான் ஆகியிருக்கிறது, எதற்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று வருட சர்வீஸைத் தள்ளிப்போடுபவர்கள் நிறைய. இன்ஜின் சம்பந்தமாக ஏதாவது வந்தால் அவர்கள் முதலில் திறப்பது சர்வீஸ் ஹிஸ்டரியைத்தான்.

இரண்டாவது, வயரை வெட்டுவது. வெளியே கடையில் பவர்ஃபுல் ஹெட்லைட், ஆம்ப்ளிஃபையர், ரிமோட் லாக் என்று மாட்டும்போது ஒரிஜினல் வயரிங்கை வெட்டி டேப் சுற்றிவிடுவார்கள். அதன் பிறகு எந்த எலக்ட்ரிக்கல் கோளாறு வந்தாலும் அந்த டேப்பைத்தான் காட்டுவார்கள், அந்த இடத்தில் அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வயரை வெட்டாமல் கப்ளரில் சொருகுகிற மாதிரி கிடைப்பதை வாங்குங்கள், கம்பெனி அக்சஸரியாக இருந்தால் பில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியில் சிஎன்ஜி கிட் மாட்டினால் இன்ஜின் வாரண்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

வெளி மெக்கானிக்கிடம் விட்டாலே வாரண்டி போய்விடுமா? இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில், சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் சந்தையை அடைத்து வைத்திருந்தார்கள் என்பது வழக்கு. அந்த உத்தரவிலேயே, வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை வைக்கக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதமோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. பஞ்சர் ஒட்டியதற்கும் வெளியில் வைப்பர் மாற்றியதற்கும் பயப்படாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன், ஆனால் வாரண்டி காலத்தில் ஆயில் சர்வீஸை மட்டும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே செய்துவிடுங்கள். மிச்சமாகும் இரண்டாயிரம் ரூபாய்க்காக இன்ஜின் விஷயத்தில் வழக்காடும் நிலைக்குப் போக வேண்டாம்.

மூன்றாவது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார் மூழ்கியது என்று பார்த்தோம், இப்போது கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். வெள்ளம், விபத்து எதுவும் வாரண்டியில் வராது, அதற்குத்தான் இன்சூரன்ஸ். மூழ்கிய வண்டியை மட்டும் தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு முறை சாவியைத் திருப்பியதிலேயே கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் இந்த இன்ஜின் சேதத்தைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள், இன்ஜின் புரொடெக்‌ஷன் என்ற கூடுதல் கவர் எடுத்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் ஏரியாவில் இருப்பவர்கள் புது கார் வாங்கும்போதே அதைச் சேர்த்துவிடுங்கள்.

எலி கடித்த வயரிங்கும் வாரண்டியில் வராது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பெரும்பாலும் ஏற்கிறார்கள். சுத்தம் செய்வதற்கு முன் போட்டோ எடுத்துவிட்டு கிளெய்ம் போடுங்கள். ஆனால் சின்னத் தொகையாக இருந்தால் நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்த்துவிட்டுப் போடுங்கள், முதல் வருடம் கிளெய்ம் இல்லை என்றாலே அடுத்த வருடம் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும்.

கலப்பட பெட்ரோல் என்று சொல்லி மறுப்பதும் உண்டு. அதற்காக ஒன்றிரண்டு பெட்ரோல் பங்க்குகளிலேயே அடித்து, யுபிஐ-யில் பணம் கட்டிவிடுங்கள், எங்கே எப்போது அடித்தீர்கள் என்பதற்குப் பதிவு இருக்கும்.

ரீகால் வேறு, வாரண்டி வேறு. ஒரு பாகத்தில் பொதுவான குறை என்று கம்பெனியே திரும்ப அழைத்தால் வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகத்தான் மாற்றித் தருவார்கள். பெரும்பாலான கம்பெனிகளின் வெப்சைட்டில் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். பழைய வண்டி வாங்கியவர்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எலெக்ட்ரிக், ஹைப்ரிட், அப்புறம் எக்ஸ்டெண்டட் வாரண்டி

எலெக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிகளின் பெரிய பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது இங்கே பரவலாக இருக்கும் கணக்கு. அது மட்டும் தெரிந்தால் போதாது. பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற எண்தான் முக்கியம், 70 என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. 'வாழ்நாள் வாரண்டி' என்று போட்டிருந்தால் வாழ்நாள் என்றால் எத்தனை வருடம், இரண்டாவது உரிமையாளருக்கும் உண்டா என்று பாருங்கள். முதல் கேள்விக்குப் பதில் 15 ஆண்டு என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் இருக்கலாம்.

காசு கொடுத்து வாரண்டியை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ இன்ஜின், பெரிய தொடுதிரை, சன்ரூஃப் உள்ள வண்டியை ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் எடுங்கள் என்பேன். சாதாரண மேனுவல் பெட்ரோல் வண்டி, நான்கு வருடத்தில் விற்றுவிடுவேன் என்பவருக்கு அவ்வளவு அவசியமில்லை. எடுப்பதாக இருந்தால் கார் கம்பெனியே தருவதாகப் பார்த்து எடுங்கள். சில ஷோரூம்களில் வேறு நிறுவனத்தின் பிளானை எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று விற்கிறார்கள், வேறு ஊரில் வண்டி நின்றால் அது செல்லுபடியாகாமல் போகலாம். டெலிவரி அன்றே வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஒரிஜினல் வாரண்டி முடிவதற்குள் வாங்கினால் போதும், ஆனால் தள்ளிப்போடப் போட விலை ஏறும்.

மறுத்துவிட்டால்

வாயால் சொல்லும் மறுப்பை ஏற்காதீர்கள். எந்த நிபந்தனையின்படி மறுக்கிறீர்கள் என்று மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்டதுமே பாதி இடத்தில் "மேனேஜர்கிட்ட பேசிட்டு சொல்றோம் சார்" என்று இறங்கி வருவார்கள். அட்வைசருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, பெரிய பாகம் என்றால் போட்டோவும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கம்பெனிக்குப் போய் அனுமதி வர வேண்டும், அதனால் அவரிடம் கோபப்படுவதில் பயனில்லை. ஒர்க்ஸ் மேனேஜர், பிறகு கம்பெனியின் கஸ்டமர் கேர் மெயில், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்று போங்கள். ஷோரூமையும் கம்பெனியையும் ஒரே மெயிலில் வைத்து எழுதுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே போடலாம், கட்டணம் 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். பிரச்சினை வந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். வண்டியையே மாற்றித் தர வேண்டும் என்று கேட்டால் கிடைப்பது கஷ்டம். பாகத்தைத்தான் மாற்றித் தருவேன் என்று வாரண்டி சொல்லும்போது முழு வண்டியை மாற்ற உத்தரவிட முடியாது என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. பாகத்தை மாற்றித் தரவும், ஏற்கெனவே கட்டிய பில்லைத் திருப்பித் தரவும், அலைச்சலுக்கு நஷ்ட ஈடும் கேளுங்கள். அங்கேயும் முதலில் கேட்கப்போவது ஜாப் கார்டுகளைத்தான்.

கடைசியாக ஒரு வேலை. வாரண்டி முடியும் தேதிக்கு 45 நாள் முன்பாக போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வண்டியைக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றச் சொல்லி, நீங்களும் கீழே போய் நின்று பாருங்கள். ஷாக் அப்சார்பரில் ஆயில் வடிந்த தடம் இருக்கிறதா, ஆக்ஸில் பூட் கிழிந்திருக்கிறதா, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஈரம் தெரிகிறதா, எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ஏசியை முழுதாக வைத்து, நான்கு கண்ணாடியையும் ஏற்றி இறக்கி, ரிவர்ஸ் கேமரா, சென்ட்ரல் லாக், சீட் பெல்ட் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிடைத்ததை எல்லாம் அன்றைக்கே ஜாப் கார்டில் ஏற்றி, அதன் நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள். பாகம் ஆர்டர் போட்டு வருவதற்கு இரண்டு வாரம் ஆனாலும் 45 நாளுக்குள் மாட்டிவிடலாம்.